‘வராது’, ‘வரவில்லை’: தன்முனைப்பு மொழியும் தமிழ் வகுப்பறைச் சொற்களும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தேர்வுக் காலம் நெருங்குகையில் தன்முனைப்பு முகாம்கள் நடத்தப்படுவது நெடுநாளைய வழக்கம். மாணவர்கள் மண்டபத்தில் வரிசையாக அமர்த்தப்படுவர். பேச்சாளர் ஒருவர் ‘முடியாது’ என்னும் சொல்லை மனத்திலிருந்து அகற்றிவிடுமாறு வேண்டுவார். ‘என்னால் முடியும்’ என்று மாணவர்கள் மும்முறை முழங்குவர். 1988இல் தொடங்கப்பெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட போதிலும் இம்முழக்கம் ஓயவில்லை. இடைநிலைப்பள்ளி மண்டபங்களிலும் அது ஒலிக்கக் காணலாம்.

இம்முகாம்களின் அடிப்படைக் கருத்து எளிமையானது. சொல் மாறினால் எண்ணம் மாறும். எண்ணம் மாறினால் வாழ்வு மாறும் என்பதே அது. இக்கருத்தை முற்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அன்றாடச் சொற்கள் சிந்தனைக்கு வடிவம் தருகின்றன என்பதில் உண்மை உண்டு. ஆயின், தன்முனைப்பு மொழி அவ்வுண்மையைத் தவறான இடத்தில் தேடுகிறது. ‘வெற்றி’, ‘சாதனை’, ‘இலக்கு’ ஆகிய பெரிய பெயர்ச்சொற்களில் அது நம்பிக்கை வைக்கிறது. மாணவரின் எண்ணத்தை உருவாக்குபவையோ நாம் கவனியாமல் சொல்லிச் செல்லும் சின்னஞ்சிறு வினைமுற்றுகளும் துணைவினைகளுமே. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

சொல் சிந்தனையை ஆளுமா?

மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு பற்றிய பேச்சில் எட்வர்ட் சபீர் (1884–1939), பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) ஆகியோரின் பெயர்கள் தவறாமல் இடம்பெறும். வோர்ஃப் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். தீ விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்தபோது அவர் கண்ட செய்தி ஒன்று புகழ்பெற்றது. பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகில் மக்கள் எச்சரிக்கையாக இருந்தனர். ‘காலி’ எனப்பட்ட பீப்பாய்களின் அருகிலோ அச்சமின்றிப் புகைபிடித்தனர். காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவியே எளிதில் வெடிக்கவல்லது. ‘காலி’ என்னும் சொல்லே அவர்களை ஏமாற்றியது என்பது வோர்ஃபின் விளக்கம்.

இவ்விளக்கத்தை ஸ்டீவன் பிங்கர் 1994இல் வெளியிட்ட தம் நூலில் மறுத்துள்ளார். ஏமாற்றியது சொல்லன்று, கண்ணே என்பது அவர் வாதம். ஆவி கண்ணுக்குப் புலப்படாது. பீப்பாய் காலியாகவே தோன்றும். இம்மறுப்பு வலிமையானதே. மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்னும் கடுங்கொள்கையை இன்று மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆயினும், சொல் கவனத்தைத் திருப்புகிறது என்னும் மென்மையான கருத்துக்குச் சான்றுகள் உள்ளன. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு வாகன விபத்துக் காட்சிகளைக் காட்டி, வாகனங்கள் என்ன வேகத்தில் சென்றன என்று வினவினர். வினாவில் ஒரு வினைச்சொல் மட்டுமே மாற்றப்பட்டது. ‘மோதி நொறுங்கின’ என்னும் பொருள்படக் கேட்கப்பட்டோர் மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றனர். ‘தொட்டுக்கொண்டன’ என்னும் பொருள்படக் கேட்கப்பட்டோர் ஏறத்தாழ 32 மைல் என்றனர். காட்சி ஒன்றே, சொல்லே வேறு.

இங்கு மாற்றப்பட்டது வினைச்சொல் என்பது கருதத்தக்கது. முழக்கமோ மேற்கோளோ அன்று. வினாவின் நடுவே எவரும் கவனியாத ஒரு வினை.

‘கூலி’யின் வரலாறு

சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவை நம் நாட்டுத் தமிழர் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. ‘கூலி’ என்னும் ஒரு சொல்லே போதும். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தில் இச்சொல் முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்னும் பெருமையுடைய பொருளில் ஆளப்பட்டுள்ளது. தன்முனைப்புப் பேச்சாளர்கள் மிகுதியும் எடுத்தாளும் குறளும் அதுவே. அதே சொல் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆளைக் குறிக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் வழங்கிய அச்சொல்லின் பிறப்புக் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மலாயாத் தோட்டங்களில் அது தமிழரின் மேல் ஒட்டப்பட்ட பெயர் என்பதில் ஐயமில்லை. உழைப்புக்குப் பெறும் ஊதியம் உழைப்பவனின் பெயராகவே ஆகிவிட்டது. அவனுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

‘தொழிலாளர்’ என்னும் சொல் அவ்விடத்தைப் பிடித்தது ஒரே நாளில் அன்று. பல தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அச்சொல் சங்கத்தின் பெயரிலேயே நின்றது. சொல்லை மாற்றியதால் சம்பளம் உயர்ந்துவிடவில்லை. சம்பளத்துக்காகப் பேச அமர்ந்தோர்க்குத் தம்மைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. சொல்லும் உறவுநிலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகர்ந்தன. தன்முனைப்பு மொழியின் பெருங்குறை இவ்விடத்தில் வெளிப்படுகிறது. அது சொல்லை மட்டும் மாற்றுகிறது. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள உறவைத் தொடுவதில்லை.

புதிய மங்கல வழக்கு

‘தன்முனைப்பு’ என்னும் கலைச்சொல்லே சிந்திக்கத்தக்கது. மலேசியத் தமிழில் இது மலாய் மொழியின் ‘மோத்திவாசி’ என்பதற்கு ஈடாக வழங்கி வருகிறது. தமிழகத்திலோ வேதாத்திரி மகரிஷி (1911–2006) போன்றோரின் எழுத்துகளில் இது அகந்தையைக் குறிக்கும். நீக்க வேண்டிய குற்றங்களுள் ஒன்றாகவே அங்கு அது பேசப்படும். தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர் ‘தன்முனைப்பு முகாம்’ என்னும் பதாகையைக் கண்டு சற்றுத் திகைப்பதில் வியப்பில்லை. சொற்பொருள் நிலத்துக்கு நிலம் மாறுவது இயல்பே. இதனைப் பிழை எனல் வேண்டா. ஆயினும் ‘தன்’ என்பதும் ‘முனைப்பு’ என்பதும் சேர்ந்து தரும் படம், ஆசிரியரும் குடும்பமும் பள்ளியும் இன்றித் தனித்து நிற்கும் ஒருவனின் படமே.

இம்மொழியின் வேர் தமிழில் நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’ எனத் தமிழில் தந்தவர் வ. உ. சிதம்பரனார். பிற்காலத்தில் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ தமிழ் இளைஞர் பலரின் கைகளில் இருந்தது. ஆலனின் கோட்பாடு, ஒருவனின் சூழ்நிலை அவன் எண்ணத்திலிருந்தே விளைகிறது என்பது. அதனைத் தமிழாக்கியவரோ, கப்பல் நிறுவனம் நடத்தியமைக்கும் நாட்டுரிமை பேசியமைக்கும் ஆங்கில அரசால் சிறையில் செக்கிழுக்க வைக்கப்பட்டவர். அச்செக்கு அவர் எண்ணத்தின் விளைவன்று. இம்முரண்பாட்டை அவர் உணராதிருந்தார் என்று கொள்வது பொருந்தாது. அவருக்கு ஆலனின் மொழி துன்பத்தினூடே மனத்தை நிலைநிறுத்தும் ஒழுக்கமாகப் பயன்பட்டிருத்தல் வேண்டும்; துன்பத்துக்கான காரண விளக்கமாக அன்று. இவ்வேறுபாடு நம் முகாம்களில் மறக்கப்படுகிறது. காலையுணவு உண்ணாமல் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் ‘எல்லாம் உன் எண்ணத்தில் இருக்கிறது’ என்று கூறும்போது, பசியும் அப்பிள்ளையின் குற்றமாகிவிடுகிறது.

எதிர்மறைச் சொற்களை நீக்கி நேர்மறைச் சொற்களை வைக்கும் முறை தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும், செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும் மங்கலம். தன்முனைப்பு மொழியில் ‘சிக்கல்’ என்பது ‘சவால்’ ஆகிறது. ‘தோல்வி’ என்பது ‘வெற்றியின் முதற்படி’ ஆகிறது. இவை புதிய மங்கல வழக்குகளே. மங்கலத்துக்கு ஒரு பணி உண்டு: கேட்பவரின் மனம் நோகாமல் காப்பது. ஆயின், சுடுகாட்டை நன்காடு என்றதால் அங்கு எவரும் உயிர்த்தெழுந்ததில்லை. மங்கலத்தைக் கற்பித்தல் முறையாகக் கொள்வதே பிழை.

முழக்கத்தின் பயனும் ஐயத்துக்குரியது. 2009இல் கனடாவில் ஜோன் வூட்டும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்றில், தாம் அன்புக்குரியவர் என்னும் வாசகத்தைத் திரும்பத் திரும்பத் தமக்குள் கூறிக்கொண்டவர்களுள் தன்மதிப்புக் குறைந்தோர், அவ்வாறு கூறாதோரைவிடச் சோர்ந்த மனநிலையில் காணப்பட்டனர். வாசகத்துக்கும் தம்மைப் பற்றித் தாம் அறிந்ததற்கும் இடையிலுள்ள தொலைவை அம்முழக்கமே அவர்களுக்கு நினைவூட்டியது போலும். ஊக்கம் மிகத் தேவைப்படும் பிள்ளைக்கே முழக்கம் உதவாமற் போகிறது.

‘என்னால் முடியும்’ என்னும் வாக்கியத்தின் இலக்கணத்தையும் ஒருமுறை நோக்குதல் நலம். ‘முடியும்’ என்பதன் எழுவாய் யாது? ‘என்னால்’ என்பது மூன்றாம் வேற்றுமை, எழுவாய் அன்று. முடியப்போவது எது என்பது சொல்லப்படவே இல்லை. ‘இக்கணக்கை என்னால் செய்ய முடியும்’ என்றால் அது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. வெறுமனே ‘என்னால் முடியும்’ என்பது எதனைப் பற்றியும் எதுவும் கூறாத கூற்று. மண்டபத்தில் மும்முறை ஒலிப்பது முற்றுப்பெறாத ஒரு வாக்கியமே.

எதிர்மறையின் வகைகள்

பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கணித வகுப்பை மேற்பார்வையிடும் வாய்ப்பு ஒருமுறை இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. பின்னங்களைக் கூட்டும் பாடம். கரும்பலகைக்கு வருமாறு அழைக்கப்பட்ட மாணவன் எழுந்து நின்று, “எனக்குப் பின்னம் வராது டீச்சர்” என்றான். வகுப்பில் சிலர் சிரித்தனர். ‘அப்படிச் சொல்லக் கூடாது, உன்னால் முடியும்’ என்னும் விடையையே கட்டுரையாளர் எதிர்பார்த்தார். அவ்வாசிரியை அதனைச் சொல்லவில்லை. “எதுவரைக்கும் வருது?” என்று கேட்டார். மாணவன் சற்று எண்ணிப் பார்த்து, “கீழ இருக்கிற நம்பர் ஒன்னா இருந்தா வருது” என்றான். “அப்போ பின்னம் வருது. கீழ நம்பர் மாறுனாத்தான் இன்னும் வரல” என்றார் ஆசிரியை. பாடம் தொடர்ந்தது.

அரை நிமிடமும் நீடிக்காத இவ்வுரையாடலில் நிகழ்ந்தது யாது? ஆசிரியை மாணவனின் சொல்லைத் தள்ளவில்லை. ‘வா’ என்னும் அவனுடைய வினையையே எடுத்துக்கொண்டார். ‘வராது’ என்பதை முதலில் ‘வருகிறது’ என்பதாகவும், பிறகு ‘இன்னும் வரவில்லை’ என்பதாகவும் திருப்பினார். மூன்றும் ஒரே வினையின் வடிவங்கள். ஆயின் அவற்றின் காலம் வேறு.

பழந்தமிழில் எதிர்மறை வினைமுற்று மூன்று காலத்துக்கும் பொதுவாக வழங்கியது. இக்காலத் தமிழில் ‘வரவில்லை’ என்பது இறந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உரியதாயிற்று. ‘வராது’ என்பது எதிர்காலத்தையும், என்றும் உள்ள இயல்பையும் குறித்து நிற்கிறது. ‘மழை வரவில்லை’ என்றால் வானத்தை நோக்கிக் காத்திருக்கிறோம். ‘மழை வராது’ என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்கிறோம். மாணவன் ‘கணக்கு வராது’ என்னும்போது நேற்றைய தவற்றைக் கூறவில்லை; நாளையைப் பற்றித் தீர்ப்பு வழங்குகிறான். பெயரெச்சத்தில் இந்நிலை இன்னும் கடுமையாகும். ‘படிக்காத பிள்ளை’ என்பதில் காலமே இல்லை. நேற்றுப் படிக்காத, இன்று படிக்காத, இனியும் படிக்காத என மூன்றையும் அது தன்னுள் அடக்கும். உடன்பாட்டில் ‘படித்த’, ‘படிக்கிற’, ‘படிக்கும்’ எனக் காலம் பிரித்துக் காட்டும் தமிழ், எதிர்மறைப் பெயரெச்சத்தில் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

ஈண்டு எளிதில் நேரக்கூடிய ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். ‘எனக்கு வரும்’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ எனத் தமிழ் நான்காம் வேற்றுமையை ஆளுவதால் தமிழர் எல்லாவற்றையும் தமக்கு நேர்வனவாகவே கருதுகின்றனர். ஆதலின் முயற்சி குன்றியவர் ஆகின்றனர் என்று முடிவு கட்டுவோர் உளர். இது வோர்ஃபின் பெயரால் செய்யப்படும் மேலோட்டமான வாதம். ஜெர்மன், ரஷ்யன் முதலிய மொழிகளிலும் இவ்வமைப்பு உண்டு. ‘எனக்கு வேண்டும்’ என்று உரிமை கோருவதும் இதே நான்காம் வேற்றுமையால்தான். குறை வேற்றுமை உருபில் இல்லை. பிள்ளை எந்த வினைமுற்றில் நிற்கிறான் என்பதே கேள்வி.

நம் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதும் அன்று. மலாய் மொழியில் ‘திடாக்’ என்பதும் ‘பெலும்’ என்பதும் வெவ்வேறு எதிர்மறைகள். முன்னது இல்லை என மறுக்கும். பின்னது இன்னும் இல்லை என நிறுத்தி வைக்கும். ‘திருமணம் ஆயிற்றா?’ என மலாயில் கேட்டால் மணமாகாத இளைஞர் ‘பெலும்’ என்றே விடையிறுப்பார். ‘திடாக்’ எனில் கேட்டவர் வியப்புறுவார். சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் செய்தாயா என்னும் வினாக்களுக்கெல்லாம் நம் பிள்ளைகள் மலாயில் இயல்பாகப் ‘பெலும்’ என்கின்றனர். அவர்களே தமிழில் தம் திறமையைக் குறித்துப் பேசும்போது ‘வராது’ என்கின்றனர். தமிழில் ‘இன்னும்’ என்னும் சொல் உள்ளது. ஆனால் மலாயைப் போல அது கட்டாயமன்று. எனவே சொல்லாமல் விட்டுவிட முடிகிறது. விட்டுவிட முடிவதால்தான் ஆசிரியர் அதனை நினைந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

‘இன்னும் இல்லை’ என்னும் கருத்தைக் கல்வியுலகில் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக். அவருடைய கொள்கை உலகெங்கும் பயிலரங்குப் பொருளாயிற்று. 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று அதன் விளைவு சராசரியில் மிகச் சிறிதே எனக் கண்டது. 2019இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மாணவரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, அடைவுநிலை குறைந்த மாணவரிடம் சிறியதொரு முன்னேற்றத்தைக் காட்டியது. ஆதலின் ‘இன்னும்’ என்பதை மந்திரமாக்கி மற்றுமொரு முழக்கம் செய்துவிடுவதில் பொருளில்லை. மேற்கூறிய வகுப்பில் பயன் விளைத்தது ‘இன்னும்’ என்னும் சொல் மட்டுமன்று. ‘எதுவரைக்கும்’ என்னும் வினாவே. அவ்வினா இல்லையேல் ‘இன்னும்’ என்பதும் மங்கலமே.

துணைவினைகளும் பெயர்களும்

தமிழ்த் துணைவினைகள் செயலை மட்டுமன்றிச் செயலைப் பற்றிப் பேசுவோரின் மனப்பாங்கையும் காட்டுவன. இ. அண்ணாமலை முதலிய மொழியியலார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வகுப்பறைக்கும் வீட்டுக்கும் இவ்வாய்வைக் கொண்டுவந்தால் பல உண்மைகள் புலப்படும்.

‘படித்துத் தொலை’ என்பது நம் வீடுகளில் கேட்கும் தொடர். சினத்தில் சொல்வது, சொன்னவர் மறந்துவிடுவார். ஆனால் ‘தொலை’ என்னும் துணைவினை, அச்செயல் சுமை; முடிந்து ஒழிந்தால் போதும் என்னும் கருத்தை ஏற்றிச் செல்கிறது. ‘படி’ என்று கட்டளையிடும் வாயே படிப்பு ஒழிய வேண்டியது என்றும் கூறிவிடுகிறது. இதற்கு மாறாக, ‘படித்துப் பார்’ என்பதில் ‘பார்’ சோதனையைக் குறிக்கும். முயற்சிக்கு இத்துணை எளிய சொல் வேறு இல்லை. தவறினாலும் அது பார்த்ததுதான், தோற்றதன்று. ‘படித்து வை’ என்பதில் பின்னால் உதவும் சேமிப்பு உண்டு. ‘படித்துக்கொள்’ என்பதில் பயன் படிப்பவனையே சேரும். ‘கற்றுக்கொள்’, ‘கற்றுக்கொடு’ என்னும் இணையைக் கருதுக. கற்றலைக் கொள்வதாகவும், கற்பித்தலைக் கொடுப்பதாகவும் தமிழ் அமைத்திருக்கிறது. கொடுப்பவர் கொடுத்துவிட்டார் என்பதால் கொள்பவர் கொண்டுவிட்டார் என ஆகாது. இதனை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஒரு பாடமாகவே நடத்தலாம்.

தன்வினை, பிறவினை வேறுபாடும் இத்தகையதே. ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்னும் பிள்ளையை ‘உடைத்துவிட்டேன் என்று சொல்’ எனத் திருத்துகிறோம், பொறுப்புணர்வு கற்பிக்கிறோம். நல்லது. நாமோ ‘இவ்வாண்டுத் தேர்ச்சி குறைந்துவிட்டது’ என்று அறிக்கையில் எழுதுகிறோம். குறைந்துவிட்டது எவ்வாறு, யார் எதைச் செய்யாததால் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

பெயர்ச்சொற்களைக் குறித்துச் சுருக்கமாகக் கூறலாம். சூசன் கெல்மனும் கெயில் ஹேமனும் 1999இல் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு பாத்திரத்தைப் பற்றி ‘காரட் தின்பவள்’ எனப் பெயர்ச்சொல்லால் கூறியபோது, ‘வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் காரட் தின்கிறாள்’ என வினையால் கூறியதைவிட, அவ்வியல்பு மாறாதது எனப் பிள்ளைகள் கருதினர். ‘பொய் சொன்னான்’ என்பதற்கும் ‘பொய்யன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. ‘மக்கு’, ‘சோம்பேறி’ ஆகிய வசைகளை நல்லாசிரியர் எவரும் இன்று ஏற்பதில்லை. ஆயின் ‘கெட்டிக்காரன்’ என்னும் புகழ்மொழியும் அதே அச்சில் வார்த்த பெயர்தான். அது தரும் பெருமை அடுத்த தேர்வு வரையில் மட்டுமே. தவறு செய்ய அஞ்சும் பிள்ளையை அது உருவாக்குகிறது. ‘மூன்று வழிகளில் போட்டுப் பார்த்தாயே’ என்பது அத்துணை இனிமையாக ஒலிக்காது. ஆனால் அது நிகழ்ந்ததைக் கூறுகிறது. மீண்டும் செய்யத்தக்கதைக் கூறுகிறது.

நாள் பாடத்திட்டத்தின் மொழி

ஆசிரியர் மாணவரிடம் பேசும் சொற்களைவிட மாணவரைப் பற்றி எழுதும் சொற்கள் மிகக் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. நாள் பாடத்திட்டத்தில் நாம் அன்றாடம் எழுதும் கலைச்சொற்கள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

பின்தங்கிய மாணவர்க்கான பணிகளை மலாயில் ‘பெமுலிஹான்’ என்பர். ‘பூலே’ என்னும் அதன் வேர் நலம் பெறுதலை, பழைய நிலைக்கு மீளுதலைக் குறிக்கும். நோயுற்றவர் தேறுவதற்கும் அதுவே சொல். தமிழில் இதனைக் ‘குறைநீக்கல்’ என வழங்குகிறோம். மலாய்ச் சொல்லில் நலம் பெறுபவர் ஒருவர் இருக்கிறார். தமிழ்ச் சொல்லில் குறை மட்டுமே இருக்கிறது, அதனை நீக்கும் ஒருவரும் இருக்கிறார். ‘இவர்கள் குறைநீக்கல் மாணவர்கள்’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்ளும்போது, குறை என்பது மாணவரின் அடைமொழியாகவே ஆகிவிடுகிறது. இச்சொல்லை ஆக்கியோர் தீய நோக்கம் கொண்டவர் அல்லர். ‘குறையை நீக்கினால் போதும்’ என்னும் நல்லெண்ணமே அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் நல்லெண்ணம் சொல்லுடன் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ‘மீட்சி’ என்பது பொருத்தமான மொழிபெயர்ப்பாக இருந்திருக்கும். அச்சொல்லையோ நாம் முன்னரே வேறிடத்தில் செலவழித்துவிட்டோம். ‘ரெஃப்லெக்சி’ என்பதற்குச் ‘சிந்தனை மீட்சி’ என்று பெயரிட்டு, பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அதனை வைத்திருக்கிறோம்.

அக்கடைசிக் கட்டத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் ஒரே அச்சு வாக்கியம்: இத்தனை மாணவருள் இத்தனை பேர் இன்றைய நோக்கத்தை அடைந்தனர்; எஞ்சியோருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. ‘வழங்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினையில் வழங்கியவர் மறைகிறார். ‘எஞ்சியோர்’ என்பதில் பெற்றவரும் மறைகின்றனர். என்ன வழங்கப்பட்டது என்பதும் தெரியாது. சிந்தனைக்கு என ஒதுக்கிய கட்டத்தில் சிந்திக்கத் தேவையில்லாத வாக்கியம் ஒன்று நாள்தோறும் படியெடுக்கப்படுகிறது. பணிச்சுமை மிகுந்த ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. அக்கட்டம் இரண்டு எண்களை மட்டுமே எதிர்பார்க்கும் வகையில் அமைந்துள்ளதையும் நோக்குதல் வேண்டும். ஆயினும் நாள்தோறும் எழுதும் வாக்கியம் எழுதுபவரையும் பழக்குகிறது. மாணவரை எண்களாகவும் எச்சமாகவும் ஈராண்டு, மூவாண்டு எழுதிய கை, பெற்றோர் வினவும்போது அப்பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று கூற இயலாமல் தடுமாறும்.

பின்னம் கற்பித்த அப்பயிற்சி ஆசிரியையின் பதிவேட்டையும் வகுப்பு முடிந்தபின் கட்டுரையாளர் பார்வையிட்டார். எண்களை நிரப்பிய பிறகு, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பகுதி எண் ஒன்றாக உள்ள பின்னங்களைப் பின்வரிசையில் மூவர் சரியாகக் கூட்டினர் என்றும், பகுதி எண் வேறுபட்டபோது மூவரும் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிட்டனர் என்றும், நாளை ரொட்டித் துண்டை வெட்டிக் காட்டி அங்கிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். கட்டத்துக்குள் எழுதாதது ஏன் என வினவியதற்கு, அங்கு அதற்கு இடமில்லை என்றார்.